நிலை சொல்லும்வரை

நம் வயதில் உட்கார்ந்திருப்பது கஷ்டமில்லை. நிற்பதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதுதான் பெரும்பாடு. என்னைப் போல முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வேலையில் இருப்பது சுலபம், அதை விட்டு இன்னொன்றுக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மனுஷனுக்கு எல்லாக் கோளாறும் வருகிறது. இது எனக்கு இப்போது கிழவியானபின் வந்த ஞானம் என்று நினைக்காதீர்கள். பாவாடை கட்டிய வயதிலேயே, குருவிநத்தத்தில், பெண்ணையாற்று மணலில் நின்றுகொண்டு நான் கற்ற பாடம்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். ஜூலை பதினாலாம் தேதி அவர்களுக்குப் பெரிய திருநாள். அந்த வருஷம் பாகூர் கொம்யூனில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் கொம்யூன் தலைவரான மேர் முன்னால் ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர் வாலிபர் சங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளைகளைக் கூட்டித் தேகப்பயிற்சி, பாட்டு, கோலாட்டம் மூன்றும் பழக்குவது என்று முடிவானது.

தேகப்பயிற்சிக்கு சொல்தா மாமா. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டு வந்தவர். ஊரில் யாருக்கும் அவர் நேர் மாமா இல்லை, எல்லோருக்கும் மாமா. காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்தில் ஒரு பித்தளை விசிலும் இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. விசிலுக்குள் உருளும் சின்ன உருண்டை எங்கேயோ கடலில் போய்விட்டதாம். ஊதினால் வெறும் காற்று வரும். நாங்கள்தான் ஒரு குன்றிமணியை உள்ளே திணித்துக் கொடுத்தோம், அதற்குப் பிறகு அது காடை கத்துவது போலக் கத்தியது.

பாட்டுக்கும் கோலாட்டத்துக்கும் மதாம். பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி. புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர், வெயிலில் வர மாட்டார். அதனால் பயிற்சி ஆற்று மணலில், பாட்டு பள்ளிக்கூடக் கொட்டகையில். நடுவில் ஒரு மாந்தோப்பு, சில வயல், எங்கள் தெருவின் கொல்லைப்புறங்கள்.

அந்த நடுவில்தான் எல்லாம் கெட்டது. மணலில் மாமா விசில் ஊதி "போங்க!" என்பார். அதுவரை வரிசையாக நின்ற பிள்ளைகள் நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்தது போல ஓடும். ஒருவன் மாமரத்தில் ஏறுவான், ஒருத்தி ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடிக்கப் போவாள், இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு மணலிலேயே கிடப்பார்கள். கொட்டகைக்குப் பாதிப் பேர் போய்ச் சேருவார்கள், அதுவும் மூச்சிரைக்க. மூச்சிரைக்கிறவன் பாடினால் எப்படி இருக்கும்?

"முசே, உங்க பிள்ளைங்கள எனக்கு முழுசா அனுப்புங்க. பாதி பாதியா அனுப்பினா நான் பாதிப் பாட்டுதான் சொல்லித் தர முடியும்" என்று மதாம் சொல்வார்.

"என்னாண்ட இருக்கறவரைக்கும் ஒழுங்காத்தாம்மா இருக்குதுங்க. உங்காண்ட வர்றப்பதான் கெட்டுப் போவுதுங்க" என்பார் மாமா.

இரண்டு பேரும் சொன்னது நிஜம். பிள்ளைகள் கெட்டது அவரிடமும் இல்லை, இவரிடமும் இல்லை.

இப்போது நான் எங்கே ஓடினேன் என்பதைச் சொல்கிறேன். என் பெரியப்பா வீடு எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல. ஆனால் பொதுக் கிணற்றில் யார் முறை எந்த நாள் என்று அப்பாவும் பெரியப்பாவும் சண்டை போட்டு, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. நடுவில் ஒரு மண்சுவர் எழும்பிவிட்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் மகள், என் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள், ஆற்றில் நீந்தக் கற்றுக்கொடுத்தவள், எனக்குப் பேன் பார்த்தவள். ஊரில் அவள் அளவுக்கு ஓடவும் பாடவும் யாரும் இல்லை. மாசி மாதம் அவள் பெரியவளானாள். அத்தோடு வாசல் அவளுக்கு மூடிவிட்டது. ஆனியில் மண்ணாடிப்பட்டில் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சும் முடிந்திருந்தது.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மணலில் குதிக்க, எல்லோரையும்விட நன்றாகக் குதிக்கக்கூடியவள் கொல்லைப்புறத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். காலை அந்த நேரத்தில் பெரியப்பா கழனியில் இருப்பார், பெரியம்மா துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருப்பார். மாமாவின் விசில் கேட்டதும் நான் வயல் வரப்பில் விழுந்தடித்து ஓடி, கிளுவை வேலியில் இருந்த சந்து வழியாக உள்ளே நுழைவேன்.

"இன்னாடி இன்னிக்கு?" என்று அவள் புளிக்கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பாள்.

நான் கையைத் தூக்கி, குனிந்து, அன்றைய பயிற்சியைச் செய்துகாட்டுவேன். முந்தின நாள் பாட்டைப் பாடுவேன். அவள் பார்த்துவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாட்டுக் கொட்டகை நிழலில் அதையே செய்வாள். நான் செய்ததைவிட அழகாக. "நீ தப்பா செய்யற, ரெண்டாந்தபா கை இப்டிதான் வரணும்" என்று எனக்கே திருத்தம் சொல்வாள். மணலுக்கு வராமலே அவளுக்கு எல்லாம் வந்தது. விறகுக் குச்சியில் கோலாட்டம் போடுவோம், சத்தம் கேட்கக்கூடாதென்று குச்சியில் துணி சுற்றிக்கொள்வோம். அந்தத் துணி சுற்றிய குச்சிகளின் மொத்து மொத்து என்ற சத்தத்துக்கு இணையான சங்கீதம் நான் பிறகு எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

பெரியவர்கள் எங்களைச் சோம்பேறிகள், அடங்காப்பிடாரிகள் என்றார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு பிள்ளைக்கு ஆயிரம் ஜோலி இருக்கும் என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் சொல்தா மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பொதுக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் பழைய கயிறு, சண்டைக்குப் பிறகு யாரும் தொடாமல் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிவந்து, நெடுக முடிச்சுப் போட்டார். ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடிக்க வேண்டும், சின்னதுகள் முன்னால், பெரியதுகள் பின்னால். மணலில் பிடித்தால் கொட்டகையில்தான் விட வேண்டும். எனக்குக் கடைசிக்கு முந்தின முடிச்சு. கடைசி முடிச்சுக்கு ஆள் இல்லை, சும்மா மண்ணில் புரண்டு வந்தது.

பெரிய கயிறு ஒன்றைக் கூட்டமாகப் பிடிப்பது என்றால் எங்களுக்கு ஒன்றுதான் தெரியும். வில்லியனூர்த் தேர். வருஷா வருஷம் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்போம், தொப்பி போட்ட துரைகூட வடம் தொடுவார். யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் நாங்கள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரே கத்தாகக் கத்திக்கொண்டு கிளம்பிவிட்டோம். ஒருவர்கூடச் சிதறவில்லை. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கொட்டகை வந்தது.

"உம், வுடுங்க கயித்த" என்றார்.

யாரும் விடவில்லை.

"இன்னாங்கடா, காது கேக்கல? வந்தாச்சில்ல, வுடுங்கடா!"

"நெலைக்கு வர்லியே மாமா" என்றது முன்னால் நின்ற ஒரு வாண்டு. "நெலைக்கு வராம வுட்டா சாமி கண்ணக் குத்திடும்."

மாமா விசில் ஊதினார். மிரட்டினார். பட்டாளத்தில் பழகிய பிரெஞ்சுக் கெட்டவார்த்தை ஒன்றைக்கூடச் சொன்னார், அது எங்களுக்குப் புரியாததால் பலன் இல்லை. கயிற்றைப் பிடித்தபடி எல்லோரும் வெயிலில் நின்றோம். உள்ளேயிருந்து மதாம் எட்டிப் பார்த்தார். என்னவென்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு படியில் வந்து நின்று, "தேர் நிலைக்கு வந்தாச்சு!" என்றார். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் விட்டன.

அன்றிலிருந்து சிக்கல் தீர்ந்தது. மாமா "நெல!" என்பார், விடுவோம். மதாம் பாட்டை முடித்துக் கயிற்றைத் தொடுவார், எழுவோம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை சீரானது.

எனக்குத்தான் வயிறெரிந்தது. கயிறு தோப்பு வழியாக நேராகக் கொட்டகைக்குப் போனது. தூரத்தில் கிளுவை வேலிக்கு மேலே அக்காவின் தலை தெரியும். கையில் எனக்காக எடுத்துவைத்த நுங்கு இருக்கும். முடிச்சை விட்டு ஓட முடியாது, ஓடினால் சாமி கண்ணைக் குத்தும். சில நாள் அவள் கையை ஆட்டினாள். பிறகு கையை ஆட்டவில்லை, நின்றாள். பிறகு தலையும் தெரியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அவளுக்கு யார் பாட்டுச் சொல்வார்கள் என்று நான் அழுதேன். அம்மா வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார். அந்த ஓமத் தண்ணீரையும் குடித்துத் தொலைத்தேன்.

ஒரு நாள் காலையில் கயிற்றைப் பிடித்ததும் நான் சத்தமாகக் கேட்டேன்: "ஏன் மாமா, தேர் எங்கனா குறுக்கு வழியில போவுமா?"

பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதானே! தேர் என்றால் வீதி சுற்ற வேண்டாமா? தோப்பு வழியாகப் போகிற தேரை எவன் கண்டான்? உடனே கூச்சல். "வீதி வயியா போவணும் மாமா! வீதி வயியா!" மாமா என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு கயிற்றின் முனையைப் பிடித்துக் கொல்லைப்புறச் சந்துக்குத் திருப்பினார்.

முதல் நாள் அக்கா வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாள் வேலிக்கு வெளியே வந்து, கையை நீட்டிக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு மறுநாள், மண்ணில் புரண்டுவந்த கடைசி முடிச்சை எடுத்துப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நடந்தாள்.

அன்று பார்த்துப் பெரியம்மா துணி மூட்டையோடு எதிரே வந்துவிட்டார். "அடிப்பாவி, இன்னாடி இது! சமஞ்ச பொண்ணு தெருவுல நின்னுகினு! வூட்டுக்குள்ள போடி!"

மாமா விசிலை வாயிலிருந்து எடுத்தார். "யக்கா, தேர் வடத்தத் தொட்ட புள்ளய யாராச்சும் வய்யுவாங்களா? கும்புட்டுக்கினு அந்தாண்ட நில்லுக்கா."

பெரியம்மா எங்களைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தானும் ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "புளியமரம் வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு அடி வெச்ச, கால ஒடச்சிடுவேன்" என்றார்.

சந்து முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் அந்தப் புளியமரம். ஆனால் நிலை சொல்லாமல் அக்கா எப்படிக் கையை விடுவாள்? அதனால் மாமா அங்கே ஒரு நிலை வைத்தார். மரத்தடிக்கு வந்ததும் "நெல!" என்பார். எல்லோரும் உட்காருவோம், பானைத் தண்ணீர் குடிப்போம், முந்தின நாள் பாட்டை ஒருமுறை பாடிப் பார்ப்போம். அக்காவும் பாடுவாள். அவள் பாடும்போது மற்றவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிறகு அவள் வீட்டுக்குத் திரும்பிப் போவாள், நாங்கள் மறுபடி கயிற்றைப் பிடிப்போம்.

நடுவழியில் எதற்கு இந்தத் தாமதம் என்று மதாம் ஒரு நாள் கேட்டார். "புள்ளைங்களுக்கு மூச்சு வாங்குதும்மா, கொஞ்சம் ஆத்திக்கினு வந்தா உங்களுக்குதான் நல்லா பாடும்" என்றார் மாமா. மதாம் நம்பினார். நாங்களும் நம்பினோம். பட்டாளத்து மனுஷனுக்கு வயதாகிவிட்டது, நடக்க முடியவில்லை என்று ஊர் சிரித்தது. அவர் மூச்சு வாங்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. யாருக்காக அவர் எங்களை அங்கே உட்காரவைத்துப் பாடவிட்டார் என்பது எனக்கே ஒரு மகள் பெரியவளாகி வீட்டில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

கயிற்றில் நடக்கும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது மாமாவின் கட்டளை. அதனால் அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை. என் முடிச்சுக்குப் பின்னால் ஒரு இழுப்புத் தெரியும். அவள் குறும்பாக இருந்தால் வெடுக்கென்று இழுப்பாள். யோசனையாக இருந்தால் கயிறு தொய்யும். கல்யாணம் நெருங்க நெருங்கக் கயிறு தொய்ந்துகொண்டே வந்தது.

அக்காவின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டை அழைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்டது. வெல்லப் பாகு காய்ச்சும் வாசனை இந்தப் பக்கம் வந்தது. அப்பா அன்று முழுக்க வீட்டில் தங்காமல் கழனியிலேயே கிடந்தார். அண்ணன் மகளின் கல்யாணத்தன்று களை பிடுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர் சுவரண்டை வந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டுக்குப் பயணம். தெருவில் பந்தல் பிரிக்காமல் நின்றதால் கூண்டு வண்டி கொல்லைப்புறச் சந்து வழியாக வந்தது. நாங்கள் மணலிலிருந்து கயிற்றோடு வந்துகொண்டிருந்தோம். மாமா எங்களை ஓரமாக ஒதுக்கி, வண்டிக்குப் பக்கத்திலேயே நடக்க வைத்தார். மணற்பாங்கான சந்து, மாடுகள் மெதுவாகத்தான் போயின. அக்கா வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அரக்குப் புடவை, தலை நிறைய பூ, பக்கத்தில் புது நாத்தனார். கட்டளையை மீறி அன்று நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, வளையல் கையை வெளியே நீட்டி, கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்ற?" என்றாள் நாத்தனார். அக்கா கையை எடுக்கவில்லை.

அப்படியே போனோம். யாரும் கத்தவில்லை. புளியமரம் வந்தது. வண்டி பாகூர்ச் சாலைக்குத் திரும்ப வேண்டும், நாங்கள் பள்ளிக்கூடம் பக்கம் திரும்ப வேண்டும். மாமா "நெல" சொல்ல வேண்டிய இடம். வாயில் விசிலை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி நின்றார். சொல்லவில்லை. சொல்லாததால் நாங்கள் விடவில்லை. அவளும் விடவில்லை. வண்டி திரும்பியது. கயிறு விறைத்தது, என் உள்ளங்கை எரிந்தது, பிறகு சட்டென்று தொய்ந்துபோனது.

அவள் விட்டாளா, நழுவியதா, எனக்குத் தெரியாது. வண்டிக்காரர் மாட்டை ஓட்டும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

மாமா முன்னால் நடந்தார். அன்று மரத்தடியில் உட்காரவில்லை, பாடவில்லை. கொட்டகையில் மாமா சொல்லாததால் மதாம்தான் நிலை சொன்னார், எல்லோரும் விட்டார்கள். நான் விடவில்லை. "உனக்கு மட்டும் என்னம்மா?" என்றார் மதாம். புளியமரத்து நிலையை யாரும் சொல்லவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கயிற்றை எடுத்தார்.

ஜூலை பதினாலு பாகூரில் எங்கள் ஊருக்குத்தான் கைத்தட்டு. பயிற்சியிலிருந்து பாட்டுக்கு, பாட்டிலிருந்து கோலாட்டத்துக்கு, கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் ஓடுவது போலப் போனோம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் சிதறியடித்து ஓட, மேர் எங்கள் கயிற்றைக் காட்டி மாமாவிடம் ஏதோ பிரெஞ்சில் கேட்டார், மாமா விறைப்பாக நின்று சலாம் வைத்தார். என் பின்னால் கடைசி முடிச்சு மண்ணில் புரண்டுவந்தது. அதைப் பிடிக்கச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் அந்தக் கயிறு எங்கே போயிற்றோ தெரியாது. விசிலும் போயிற்று, தோப்பும் போயிற்று.

அக்காவும் நானும் பிறகு பார்த்துக்கொள்ளாமல் இல்லை. கல்யாணம், கருமாதி என்று பார்த்தோம். பிள்ளை, மருமகள், சர்க்கரை வியாதி என்று பேசினோம். அந்தப் புளியமரத்தைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. பேச வெட்கமாக இருந்ததா, நேரம் வாய்க்கவில்லையா, என்னால் சொல்ல முடியவில்லை.

போன தை மாதம் அவளைப் பார்க்க டவுன் பஸ்ஸில் மண்ணாடிப்பட்டு போனேன். அவளுக்கு ஆட்களெல்லாம் மறந்துவிட்டது. மகனையே யாரென்று கேட்கிறாளாம். என்னையும் தெரியவில்லை. பல் இல்லாத வாயால் சிரித்தாள். நான் சாப்பிட்டு, பேசிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். நான் எழ, அவளும் எழுந்தாள். வாசல் பக்கம் நடக்கிறேன், பின்னால் ஒரு இழுப்பு. என் முந்தானை முனையை முடிச்சாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"யத்த, வுடு யத்த. அவங்க ஊருக்குப் போவணும், பஸ் போயிடும்" என்று மருமகள் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அக்கா இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"சும்மா இரும்மா" என்றேன்.

என்ன சொன்னால் அவள் விடுவாள் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. நான் திரும்பிப் பார்க்காமல், அவள் கால் எடுத்துவைக்கும் வேகத்துக்குத் தகுந்தாற்போல, அந்த வீட்டுக் கூடத்தை ஒரு சுற்று நடந்தேன். பிறகு இன்னொரு சுற்று. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வந்தபோதும் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.